நாற்பத்தொன்றாம் மாடத்து எருமை

ஒரே பகலில் முந்நூற்று நாற்பது யானைகளை எருமைகளாக மாற்றிய பெருமை விருத்தாசலத்தில் காஸ்பர் ஒருவனுக்குத்தான் உண்டு. மாற்ற வேண்டும் என்று நினைத்து அவன் மாற்றவில்லை. டீ குடிக்கப் போனான், அவ்வளவுதான்.

எழுபத்திரண்டாம் வருஷம். ரயிலடிக்கு அந்தப் பக்கம், சின்னச் சின்னப் பீங்கான் பட்டறை வைத்திருந்த பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கூட்டுச் சூளை நடத்திவந்தார்கள். ஆளுக்கொரு சூளை கட்ட வசதியில்லாததால் எல்லாருடைய சரக்கும் அங்கேதான் வந்து வேகும். சூளை இரண்டு. சின்னச் சூளையின் சூடு பொம்மைக்கும் டீ கப்புக்கும் சரி. பெரிய சூளையின் சூடு அதைவிட ரொம்ப அதிகம், அது கரண்டு ஃபியூஸ் கட்டைக்கு. சரக்கை இரும்புத் தள்ளுவண்டியில் அடுக்கி, சின்னதுக்குப் போவதற்கு நீலத் தகடு, பெரியதுக்குப் போவதற்குச் சிவப்புத் தகடு என்று மாட்டிவிட்டால், தள்ளுகிறவர்கள் தகட்டைப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். தகடு மாட்டுவது ஸ்டோர் குமாஸ்தா காஸ்பரின் வேலை. இதைவிட எளிய வேலை ஒன்று இருந்திருந்தால் அவன் அப்பா அதைத்தான் பிடித்துக் கொடுத்திருப்பார். மகனைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று ஏழாம் வண்டி காலியாக நின்றது. சரக்கைக் காயவைக்கும் அலமாரிகளைப் பார்த்துக்கொள்கிற கொளஞ்சியம்மாளிடம், ஏழாம் வண்டிக்கு ஃபியூஸ் கட்டை வந்தாயிற்றா என்று கேட்டான். "வரும் தம்பி" என்றாள். வரப்போகிற சரக்குக்கு இப்போதே சிவப்புத் தகட்டை மாட்டிவைத்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. மாட்டினான். தன் சுறுசுறுப்பைத் தானே மெச்சிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். ஃபியூஸ் கட்டை அன்றைக்கு வரவே இல்லை. பச்சமுத்துவின் யானை பொம்மைகள் வந்தன. காலி வண்டியில் ஏறின. சிவப்புத் தகட்டோடு பெரிய சூளைக்குள் போயின.

வெளியே வந்தபோது தும்பிக்கைகள் இளகிக் காலோடு ஒட்டியிருந்தன. காதுகள் தோளில் வழிந்திருந்தன. முதுகு தொய்ந்து வயிறு தரையில் பரவி, முந்நூற்று நாற்பதும் வெயில் நேரத்துக் குட்டையில் படுத்திருப்பதுபோல நிம்மதியாகக் கிடந்தன.

பச்சமுத்து ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் யானைய குடுத்தேன், நீ எருமைய குடுக்குற. இன்னும் ஒரு மணி நேரம் வுட்டிருந்தா சாணியா குடுத்திருப்ப, இல்ல?"

அவர் இதைச் சூளை வாசலில் நின்று சொன்னார். பின்னால் நின்ற கொளஞ்சியம்மாள் அவசரமாக ஒரு சிட்டிகை உப்பை எடுத்துச் சூளையின் தீவாயில் போட்டாள். கோபத்தில் தன்னை மறந்துவிட்ட பச்சமுத்து உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். காஸ்பர் இதையெல்லாம் பார்த்தான். ஆனால் தலைகுனிந்து நிற்கிற வேலையில் மும்முரமாக இருந்ததால் ஏன் என்று கேட்கவில்லை.

கூட்டுச் சூளையின் செக்ரட்டரி கோவிந்தராசு கத்தத் தெரியாத மனிதர். காஸ்பரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இருபதாம் தேதி பன்னிரண்டு பேரும் கமிட்டி கூடுகிறார்கள் என்றும், அதற்குள் சரக்கு மாறிப்போகாமல் இருக்க ஏதாவது ஒரு வழி செய்து காட்டினால் நல்லது என்றும், காட்டாவிட்டால் கமிட்டி வேறு குமாஸ்தா பார்க்கும் என்றும், மூன்றையும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"காட்டிட்டா எனக்கு வேலை இருக்கும்ங்களா சார்?"

கோவிந்தராசு ஜன்னல் வழியாகச் சூளையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பார்ப்போம் காஸ்பரு."

வேலை போனால் நல்லூருக்குத்தான் போகவேண்டும். அங்கே அப்பாவின் கடலைக்கொல்லை இருந்தது. போன வருஷம் களை எடுக்கப் போன காஸ்பர் நான்கு வரிசைக் கடலைச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் களையைப் பத்திரமாக விட்டுவைத்தான். அதற்கப்புறம் அப்பா அவனோடு அம்மா மூலமாகத்தான் பேசினார். யானைக் கதையும் காதில் விழுந்தால் அம்மா மூலமாகக்கூடப் பேசமாட்டார். ஆகவே இருபதாம் தேதிக்குள் ஒரு வழி வேண்டும்.

வழி மெட்ராஸிலிருந்து வந்தது. அவன் அக்கா உபகாரமேரியின் வீட்டுக்காரருக்கு அங்கே ஓர் ஆபீசில் பியூன் உத்தியோகம். அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் என்று ஒன்று, குளுகுளு அறையில் தனியாகக் குடியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அத்தான் சொன்ன நாளிலிருந்தே காஸ்பருக்கு அதன்மேல் பக்தி. அது தின்று துப்பிய துளை போட்ட அட்டைகளின் முதுகில்தான் அக்கா கடிதம் எழுதுவாள். போன முறை வந்தபோது அத்தான் ஒரு கட்டு அட்டையும், யாரோ வேண்டாமென்று போட்ட, கம்ப்யூட்டரைப் பற்றித் தட்டச்சில் அடித்த புத்தகம் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். இங்கிலீசில் முப்பது பக்கம். காஸ்பருக்குப் பாதி புரிந்தது. மீதியைத் தானே நினைத்துக்கொண்டான்.

புரிந்த பாதி இது. இயந்திரம் புதிதாக வரும்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. முதலில் ஒரு சின்ன அட்டையைக் கொடுக்க வேண்டும். அடுத்த அட்டையை எப்படி வாங்குவது என்று அது சொல்லிக்கொடுக்கும். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக எல்லா அட்டைகளும் உள்ளே ஏறி அதனதன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் இயந்திரம் வேலைக்கு லாயக்காகும். இன்னொரு பக்கத்தில் வேறொன்றும் போட்டிருந்தது. நமக்கு வேண்டிய இயந்திரம் கையில் இல்லையா, கவலை வேண்டாம். இருக்கிற இயந்திரத்தையே அந்த இயந்திரமாக நடிக்கவைக்கலாம். இதைப் படித்த காஸ்பர் எழுந்து நின்றுவிட்டான். ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரமாக நடிக்குமென்றால், மூன்று மனிதர்கள் ஓர் இயந்திரமாக நடிக்கக்கூடாதா?

அறுபத்துநான்கு அட்டைகளில் சூளைக்கான கட்டளைகளைத் தமிழில் எழுதினான். எந்த வண்டிக்கு எந்தச் சரக்கு வந்திருக்கிறது, எந்தத் தகடு மாட்டவேண்டும், எப்போது மாட்டக்கூடாது, எல்லாம் அதில் அடக்கம். வாடகை அறையில் மூன்று நாற்காலி போட்டு, இந்த நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைப் படிப்பான். எழுந்தோடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வான். மூன்றாம் நாற்காலிக்குப் போய்த் தகடு மாட்டுவான். அறுபத்துநான்கும் தடங்கலில்லாமல் ஏறின. வீட்டுக்கார அம்மா வீரம்மாள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் அவனுக்கு வேப்பிலை கட்டிவிடலாமா, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைக்குக் கட்டலாமா கூடாதா என்று பக்கத்து வீட்டில் யோசனை கேட்டாள்.

சூளைக் கூடத்தில் இயந்திரம் இப்படி அமைந்தது. வாய், அந்தோணிமுத்து. வண்டி தள்ளுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாசகம் படிக்கிறவன், அட்டையையும் அதே குரலில்தான் படித்தான். நினைவு, கொளஞ்சியம்மாள். மூலையில் சும்மா கிடந்த பழைய மர அலமாரிக்கு அறுபத்துநான்கு மாடங்கள். அட்டையை அதனதன் மாடத்தில் வைப்பதும், சரக்கு வந்துசேர்ந்தால் அதற்கான சீட்டை மாடத்தில் போடுவதும், இந்த மாடத்தில் சீட்டு உண்டா என்று வாய் கேட்டால் பார்த்துப் பதில் சொல்வதும் அவள் பொறுப்பு. கை, காஸ்பர். தகடு மாட்டுகிற கைதான், ஆனால் இனிமேல் இயந்திரம் சொன்னால் மட்டுமே மாட்டும் கை.

முதல் நாற்பது அட்டைகள் மளமளவென்று ஏறின. அவை வெறுமே 'என்னை இன்ன மாடத்தில் வை' என்று சொல்கிற அட்டைகள். அந்தோணிமுத்து முழங்கினான், கொளஞ்சியம்மாள் வைத்தாள். நாற்பத்தொன்றாவது அட்டைதான் முதல்முதலாகக் கேள்வி கேட்கிற அட்டை. அதில் காஸ்பர் எழுதியிருந்தது: 'நாற்பத்தொன்றாம் மாடத்தில் சீட்டு உண்டா? உண்டு என்றால் அடுத்த அட்டை. இல்லை என்றால் ஐம்பதாம் அட்டை. வேறு எதுவானாலும் அசையாதே.' கடைசி வரியில் அவனுக்கு ரொம்பப் பெருமை. யானைகள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அந்தோணிமுத்து படித்தான். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இருமினான். கொளஞ்சியம்மாள் மாடத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். அந்தோணிமுத்து அசையவில்லை. கையில் அட்டையைப் பிடித்தபடி, கோயில் சுரூபம்போல நின்றான். கொளஞ்சியம்மாளும் சாந்தமாக நின்றாள். ஈ ஒன்று அந்தோணிமுத்துவின் மூக்கில் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. கட்டளை கட்டளைதான் என்று அவன் அதையும் ஓட்டவில்லை.

இயந்திரம் நின்றுபோயிற்று.

காஸ்பர் முதலில் அட்டையைச் சந்தேகப்பட்டான். களிமண் ஈரம் பட்டிருக்கும் என்று புதிதாக எழுதினான். நாற்பது வரை ஏறியது, நாற்பத்தொன்றில் நின்றது. அட்டையை எடுத்துவிட்டு நாற்பத்திரண்டைக் கொடுத்தான். அதுவும் கேள்வி அட்டை, அதிலும் நின்றது. நாற்பத்தொன்றாம் மாடத்தில் பல்லி ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தான். பல்லி இருந்தது. பல்லியைத் துரத்தினான். இயந்திரம் நின்றுதான் இருந்தது. தீப்போடுகிற சாமிக்கண்ணு, மிசினுக்கு ஓர் எலுமிச்சம்பழம் நசுக்கலாமே என்றார். அந்தோணிமுத்து, ஃபாதரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளிக்கலாம் என்றான். இரண்டும் செய்தால் எந்தச் சாமியால் சரியானது என்று தெரியாமல் போகும் என்று காஸ்பர் இரண்டையும் மறுத்தான்.

பிறகு வாயைச் சந்தேகப்பட்டான். அந்தோணிமுத்துவை இறக்கிவிட்டுத் தானே படிக்க ஆரம்பித்தான். அந்தோணிமுத்துவுக்கு மனத்தாங்கல். அத்தனை பெரிய பங்குக் கோயிலில் தன் குரலில் குறை சொன்னவர்கள் கிடையாது என்பதை எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தான். காஸ்பர் நாற்பத்தொன்றைப் படித்தான், இருமாமல், ஒவ்வொரு வார்த்தையாக. பாதியில் கொளஞ்சியம்மாள் ஒரு நடை போய்த் தீவாயில் உப்புப் போட்டுவிட்டு வந்தாள்.

"உண்டா அக்கா?"

"வரும் தம்பி."

காஸ்பர் நின்றான். வரும் என்று ஒருவர் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? காத்திருப்பான். கூப்பன் கடையிலும், தாலுகா ஆபீசிலும், பஸ் ஸ்டாண்டிலும் பிறந்ததிலிருந்து அவன் அப்படித்தான் காத்திருந்திருக்கிறான். கால் மணி நேரம் நின்ற பிறகு, கோவிந்தராசு வந்து, வண்டி போகிற வழியில் நிற்காமல் நின்றால் நல்லது என்று கேட்டுக்கொண்டார். அப்போதுகூட அந்த முட்டாளுக்கு உறைக்கவில்லை. புத்தகத்தின் புரியாத பாதியில்தான் விடை இருக்கிறது என்று முடிவுகட்டினான்.

இருபதாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. டீ நேரத்தில் மூவரும் எதிர்ச்சாரியில், அரவைமில் குடோன் சுவருக்குப் பின்னால் இருந்த சாமிதுரை கடைக்குப் போனபோது, காஸ்பர் அட்டைக் கட்டையும் எடுத்துக்கொண்டு போனான். மாடத்துக்குப் பதிலாக சாமிதுரையின் காலி டீ கிளாஸ்கள். மறுபடி வாய்ப் பதவி கிடைத்த அந்தோணிமுத்து முழங்கினான். நாற்பது. நாற்பத்தொன்று. ஐம்பது. அறுபத்துநான்கு. டீ ஆறுவதற்குள் எல்லா அட்டையும் ஏறிவிட்டன. அதே ஆட்கள், அதே அட்டைகள். சாமிதுரை ஒன்றும் புரியாமல் கைதட்டினார்.

மூவரும் ஓடிவந்து சூளைக் கூடத்தில் செய்து பார்த்தார்கள். நாற்பத்தொன்றில் நின்றது.

அறையில் ஓடுகிறது. டீக்கடையில் ஓடுகிறது. சூளைக்கு முன்னால் மட்டும் நின்றுபோகிறது. சூட்டில் அட்டை வளைகிறதோ என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தான். வளையவில்லை. அதற்குமேல் அறிவாளித்தனம் எதுவும் தோன்றாததால், அறிவே தேவைப்படாத ஒரு காரியம் செய்தான். யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே எழுதுவது. பழைய அட்டைகளின் முதுகில் டீக்கடையில் ஒரு தடவை எழுதினான், சூளைக் கூடத்தில் ஒரு தடவை எழுதினான். இருமலைக்கூட 'இருமல்' என்று எழுதினான். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போனான். நாற்பது வரை இரண்டும் ஒன்றேதான்.

டீக்கடை அட்டையில்: 'உண்டா?' 'இல்ல.'

சூளை அட்டையில்: 'உண்டா?' 'வரும்.'

காஸ்பர் இரண்டையும் தூக்கிக்கொண்டு கொளஞ்சியம்மாளிடம் போனான்.

"அக்கா, அங்க மாடம் காலியா இருந்தா இல்லன்னு…"

அவன் முடிப்பதற்குள் அவள் உப்பு டப்பாவைக் கையில் எடுத்திருந்தாள். ஒரு சிட்டிகை தீவாயில் விழுந்தது. பிறகு அவனைக் கையைப் பிடித்து வாசலைத் தாண்டி, அரவைமில் குடோன் சுவர் மறைக்கிற இடம்வரை கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எரியுற சூளைக்கு மின்னால அந்த வார்த்தைய சொல்லக்கூடாது தம்பி. நாம எத சொல்றமோ அதத்தான் அது வேவவச்சு வெளிய குடுக்கும். நெருப்பு காதுல இல்லன்னு வுழுந்தா, உள்ளாற இருக்குற சரக்கு இல்லாம பூடும். நீ வேலைக்கு வந்த அன்னிக்கே சொன்னனே. நீ அந்தோணிய பார்த்து ஏதோ சிரிச்சிக்கிட்டு இருந்த."

"அப்ப யாருமே சொல்லமாட்டாங்களா?"

"செக்ரட்டரியே சொல்லமாட்டாரு. நீ ஒருத்தன்தான் ஒரு நாளைக்கு எரநூறு தடவ சொல்லுற. உன்னால எனக்கு உப்பு போட்டே கை காப்பு காச்சிடுச்சி."

ஸ்டோர் குமாஸ்தா என்ற முறையில் காஸ்பருக்கு ஏழு மாதமாக ஒரு சந்தேகம் இருந்தது: தான் வந்ததிலிருந்து உப்பு மூட்டை ஏன் இத்தனை வேகமாகக் காலியாகிறது என்று. பளபளப்புக்காகப் போடுகிறார்கள் போல என்று நினைத்திருந்தான். அந்தோணிமுத்துவின் இருமலுக்கும் இப்போது அர்த்தம் தெரிந்தது. படிக்கக்கூடாத வார்த்தையை அவன் இருமலில் விழுங்கியிருக்கிறான். பச்சமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டதற்கும் அர்த்தம் தெரிந்தது. அதைத் தொடர்ந்து யானைகள் ஞாபகம் வந்தன. ஃபியூஸ் கட்டை வந்தாச்சா அக்கா. வரும் தம்பி. அன்றைக்கு அவன் கேட்டதும் இதே நாற்பத்தொன்றாம் அட்டைக் கேள்விதான், கிடைத்ததும் இதே பதில்தான். இயந்திரம் அசையாமல் நின்றது. இவன் அசைந்து போய்த் தகடு மாட்டினான். இரண்டு பேரில் யாருக்குப் புத்தி அதிகம் என்று யோசிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

மாடம் காலியாக இருக்கும்போது வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டலாமே என்று கெஞ்சிப் பார்த்தான். நெருப்புக்குக் கண் கிடையாது என்று உனக்கு யார் சொன்னது என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். 'வரும்' என்றாலே காலி என்று அட்டையில் எழுதிவிடலாமா என்றால், உண்மையிலேயே வரப்போகிற சரக்குக்கும் அவள் 'வரும்' என்றுதான் சொல்வாள். அந்த இரண்டு 'வரும்'களுக்கும் வித்தியாசம் முகத்தில் இருக்கிறதாம், பார்த்தால் தெரியுமாம். அந்தோணிமுத்து அட்டையைப் பார்த்துப் படிக்கிறவன். முகம் பார்க்கிற இயந்திரம் மெட்ராஸிலேயே கிடையாது.

காஸ்பர் சூளைக் கூடத்தின் பின்பக்கம் போய் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். நல்லூர்க் கடலைக்கொல்லை கண்ணுக்குத் தெரிந்தது. உட்கார்ந்த பெட்டி கடகடவென்று சத்தம் போட்டது. எழுந்து திறந்தான். பச்சமுத்து வாங்கிக்கொள்ளாமல் விட்டுப்போன எருமைகள். எல்லாமே அவனை மன்னித்துவிட்டதுபோல அண்ணாந்து பார்த்தன.

காலி மாடம் என்று ஒன்று இருந்தால்தானே இல்லை என்று சொல்ல வேண்டிவரும்?

அறுபத்துநான்கு எருமைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து மாடத்துக்கு ஒன்றாகப் படுக்கவைத்தான். அட்டையோ சீட்டோ வந்தால் எருமை வெளியே வரும்; சீட்டை எடுத்தால் எருமை உள்ளே போகும். எந்த மாடமும் எந்த நேரமும் காலி கிடையாது. அட்டைகளை எல்லாம் திருத்தி எழுதினான்: 'எருமை என்றால் ஐம்பதாம் அட்டை.' கொளஞ்சியம்மாள் அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நெருப்பைப் பார்த்தாள். இதில் தப்பு எதுவும் தெரியவில்லை என்று நெருப்பின் சார்பில் ஒத்துக்கொண்டாள்.

"நாற்பத்தொன்றாம் மாடத்தில் சீட்டு உண்டா?" என்று அந்தோணிமுத்து கோயில் அதிர்வதுபோலக் கேட்டான்.

"எருமை இருக்குது," என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஐம்பது. ஐம்பத்தொன்று. அறுபத்துநான்கு. அந்தோணிமுத்து பழக்கத்தில் "ஆமென்" என்று முடித்தான்.

இருபதாம் தேதி கமிட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். ஏழாம் வண்டியையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னவர் பச்சமுத்து. அதில் அவருடைய புது யானைகள். அட்டைகள் ஏறின. பிறகு வேலை ஆரம்பமாயிற்று. ஏழாம் வண்டிக்கு ஃபியூஸ் கட்டைச் சீட்டு உண்டா என்று வாய் கேட்டது. எருமை இருக்குது என்று நினைவு சொன்னது. பொம்மைச் சீட்டு உண்டா என்று வாய் கேட்டது. உண்டு என்றது நினைவு. நீலத் தகடு என்று வாய் சொன்னது. கை நீலத் தகட்டை எடுத்து மாட்டியது. வண்டி சின்னச் சூளைக்குள் போயிற்று. மறுநாள் பன்னிரண்டு பேரும் திரும்பிவந்து பார்த்துக்கொண்டிருக்க, தும்பிக்கை தூக்கியபடி எல்லா யானைகளும் யானைகளாகவே வெளியே வந்தன.

பச்சமுத்து ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு காஸ்பரைத் தனியாக ஓரங்கட்டி, போன தடவை ஒரு எருமையைச் சும்மா விளையாட்டுக்குத் திட்டக்குடி சந்தைக்கு எடுத்துப்போனதாகவும், அங்கே இருக்கிறவர்களுக்கு என்னவோ யானையைவிட அதுதான் பிடித்துப்போயிற்று என்றும், மிச்சப் பெட்டியை அனுப்பிவைக்க முடியுமா என்றும், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதெல்லாம் இப்ப மிசினுக்குள்ள வேலை பார்க்குதுங்க," என்றான் காஸ்பர். "அறுபத்துநாலு போக மிச்சத்த எடுத்துக்குங்க."

கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். மூன்று ஆளும் கொஞ்சம் எருமையும் செலவாகிற இயந்திரம் என்றாலும் சரக்கு மாறவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, செக்ரட்டரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள். குமாஸ்தா விஷயத்தைச் செக்ரட்டரியே பார்த்துச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

காஸ்பர் ஆபீஸ் அறை வாசலில் போய் நின்றான்.

"சார், என் வேலை…"

கோவிந்தராசு ஜன்னல் வழியாகச் சூளையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பார்ப்போம் காஸ்பரு."

இத்தனை நாளும் அவன் அந்த வார்த்தையைத் தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். நல்ல வார்த்தையாகத்தான் இருந்தது. இன்றைக்குத்தான் அவனுக்கு அதன்மேல் சந்தேகம் வந்தது. செக்ரட்டரியே சொல்லமாட்டாரு என்று கொளஞ்சியக்கா சொன்னாளே. அப்படியென்றால் இந்தப் 'பார்ப்போம்' என்ன? இவர் மாடத்தில் சீட்டு இருக்கிறதா, எருமை படுத்திருக்கிறதா? முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றார்கள். பார்த்தான். கண்ணாடி இல்லாத, நல்ல, களைத்துப்போன முகம். ஒன்றும் தெரியவில்லை.

"சார், ஒரு டீ சாப்பிட்டு வரலாம் வாங்க. என் கணக்குல."

கோவிந்தராசு ஆச்சரியப்பட்டார். இருந்தாலும் வந்தார். ரோட்டைத் தாண்டினார்கள். சாமிதுரை கடை வாசலில் கிடந்த பெஞ்சைக் காஸ்பர் இன்னும் உள்ளே இழுத்துப் போட்டான். பிறகு அதுவும் போதாது என்று தோன்றி, குடோன் சுவர் ஓரமாக இன்னொரு முழம் நகர்த்தினான். டீ வந்தது. கோவிந்தராசு ஒரு வாய் குடித்துவிட்டு, எதற்கோ திரும்பிச் சூளைப் பக்கம் பார்த்தார். சுவர்தான் தெரிந்தது. புகைகூடத் தெரியவில்லை. அவர் மெதுவாகக் காஸ்பரைப் பார்த்தார்.

"கொளஞ்சி சொல்லிடுச்சா?"

"சொல்லிடுச்சிங்க."

"வேற எடத்துல கேட்டிருக்கலாமேன்னு நானே நெனச்சிருக்கேன். நீ எப்பவும் ஆபீசுக்குள்ள வந்துல்ல கேப்ப."

"இப்ப கேக்குறேன் சார். எதுவா இருந்தாலும் சரி. பார்ப்போம்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேணாம்னா நான் சாயந்தர பஸ்ஸுக்கே நல்லூருக்குப் போயிடுறேன், எங்கப்பாவுக்குக் களை புடுங்க ஆளு வேணும். எனக்கு வேலை இருக்குதுங்களா, இல்லீங்களா?"

கோவிந்தராசு கிளாஸின் அடியில் இருந்த சர்க்கரையைச் சுழற்றி, கடைசிச் சொட்டுவரை குடித்து, கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தார். இன்னொரு தடவை சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"ஸ்டோரு வேலை உனக்கு இல்ல காஸ்பரு. யான வெந்த அன்னிக்கே இல்லன்னு எழுதியாச்சி, கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து ஒருத்தன் ஒன்னாந்தேதி வரான். ஆனா மிசினு வேலை இருக்குது, அது உனக்குத்தான், கமிட்டி கையெழுத்து போட்டுட்டுத்தான் போனாங்க. சம்பளம் அதேதான். நாளைக்கு காலைல வந்துடு. தகட்ட மட்டும் கையால தொடாத."